வெள்ளை வாரம்

சாயப்பட்டறைக்காரன் அன்றைக்கு எந்தத் தொட்டியில் நின்றான் என்று அவனிடம் கேட்கவே வேண்டாம். துப்பினால் தெரியும், தும்மினால் தெரியும், சட்டையைக் கழற்றி உதறினால் தெரியும். கழிப்பறைக்குப் போய்வந்தவனைக் கேட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். நீலத் தொட்டிக்காரன் பச்சையாகப் போவான். சிவப்புத் தொட்டிக்காரன் பீட்ரூட் கழுவின தண்ணீராகப் போவான். புதிதாகச் சேர்ந்தவன் முதல் தடவை பார்த்துவிட்டு அலறி அடித்துக்கொண்டு வெளியே வருவான். பழைய ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "பட்டறை உன்னை ஏத்துக்கிச்சுடா" என்று முதுகில் ஒன்று வைப்பார்கள். கொஞ்ச நாளில் அவனும் அடுத்து வருகிறவனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடுவான்.

வருஷத்தில் சில தடவை மட்டும் இதற்கு விடுமுறை. ஆஸ்பத்திரித் துணிக்கு ஆர்டர் வந்தால் எல்லாத் தொட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளுப்பு வேலை மட்டும் நடக்கும். சாயப் பொட்டலம் ஒன்றுகூடப் பிரிக்கக் கூடாது. நகத்தில் கலர் இருந்தால்கூட மேஸ்திரி துணியைத் தொடவிடமாட்டார். அதற்கு வெள்ளை வாரம் என்று பேர். வெளுப்பு மருந்து மூக்கை அறுக்கும், கண் எரியும். ஆனாலும் கழிப்பறையில் நின்று குனிந்து பார்த்து, "இந்த வாரம்தான்யா நாம மனுஷன்" என்று சொல்லிக்கொள்வார்கள்.

அண்ணி அந்தப் பட்டறையில் காயப்போடும் களத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கும் பேர் ஒன்று இருந்தது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. கொழுந்தன் சின்னவன் வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்றதில் வரிசை வீட்டுக்காரர்களுக்கும், களத்துப் பெண்களுக்கும், கடைசியில் மேஸ்திரிக்குக்கூட அதுவே பழகிவிட்டது. அவளை எந்தப் பேராலும் கூப்பிடாதவள் மாமியார் ஒருத்திதான். மூத்த மகன் செத்த அன்றிலிருந்து, எட்டு வருஷமாக, மருமகளிடம் அவள் நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. திட்டுவதென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் திட்டுவாள். பேத்திக்குப் பேச்சு வந்த பிறகு சுவருக்கு ஓய்வு கிடைத்தது. "பாப்பா, கஞ்சியில உப்பு இல்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பாள். உங்கம்மா கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பாள். பாப்பாவும் வாய் நிறையக் கஞ்சியோடு, "அம்மா, உப்பு இல்லையாம்" என்று சொல்லி முடிப்பாள்.

மூத்தவன், அதாவது அண்ணியின் புருஷன், இதே பட்டறையில் சிவப்புத் தொட்டிக்காரன். ஒரு மழைக்காலத்தில் குளிர்க்காய்ச்சல் வந்து படுத்தான். காய்ச்சல் இறங்கியது, ஆனால் ஆளுக்கு மஞ்சள் ஏறியது. மூச்சு வாங்க ஆரம்பித்து, எழுந்து உட்காரக்கூட முடியாமல், ஒரு வாரத்துக்குள் போய்ச்சேர்ந்தான். ஒளித்து ஒளித்துக் குடித்திருப்பான், ஈரல் போய்விட்டது என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். அவன் குடித்து யாரும் பார்த்ததில்லை. மாமியார் போட்ட கணக்கு வேறு. இவள் வந்த நேரம் சரியில்லை என்றாள். இவள் என்னத்தைக் குடுத்தாளோ என்றாள். கைப்பிள்ளையோடு அண்ணி எங்கே போவாள்? பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு யாரும் மிச்சமில்லை. அப்போது சின்னவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அவன்தான் வாசலில் நின்றுகொண்டு, அண்ணியை அனுப்பினால் நானும் கூடவே போய்விடுவேன் என்று அடம்பிடித்தான். அந்த ஒரு பேச்சில்தான் அவள் அந்த வீட்டில் தங்கினாள். அவள் அதை ஒரு நாளும் மறந்ததில்லை.

இந்த வருஷம் மழை விட்டும் விடாமலும் நசநசவென்று பிடித்துக்கொண்டது. நூல் காய மாட்டேன் என்றது. சாயத் தண்ணீரில் கொசு அண்டாது, அலசுகிற தொட்டியில் நிற்கும் நல்ல தண்ணீர்தான் அதற்குச் சொகுசு. யாரும் அதை மூடவுமில்லை, இறைக்கவுமில்லை. முதலில் வெளுப்புக்காரர் ஒருவருக்கு உதறல் எடுத்தது. அப்புறம் வரிசை வீடுகளில் கதவுக்குக் கதவு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆர்டர் நேரத்தில் ஆள் குறைந்தால் கம்பெனி சும்மா இருக்குமா? ஒரு நர்ஸை வைத்து வீடு வீடாக மாத்திரை கொடுக்கச் சொன்னது. உதறலை நிறுத்த ஒரு மாத்திரை. உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்ல இன்னொன்று. அதைத்தான் நாள் தவறாமல் இரண்டு வாரம் விழுங்க வேண்டும். முழுசாக முடிக்காதவனுக்கு கேட் திறக்காது என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்.

சின்னவன் படுத்தது வெள்ளை வாரம் தொடங்குவதற்கு முன்னால். இரண்டு நாள் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. மூன்றாம் நாள் வேர்த்து, காய்ச்சல் விட்டு, கஞ்சி குடித்தான். அண்ணிக்கு உயிர் வந்தது. ஆனால் அதற்கப்புறம் தேற வேண்டியவன் தேறவில்லை. இடுப்பு வலிக்கிறது என்றான். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. வெளிக் கழிப்பறை வரை நடக்க முடியாமல் பிளாஸ்டிக் வாளியை மூலையில் வைத்துக்கொண்டான். காய்ச்சல் அடித்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் வாளியை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டுவது அண்ணியின் வேலை. பால் விடாத டீ மாதிரி இருந்தது. அண்ணி பார்த்தாள், கொட்டினாள், கழுவினாள். மறுநாள் அதைவிடக் கறுப்பாக இருந்தது. பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணி, உன் கொழுந்தன் பாக்குக் கலர் தொட்டிக்கு மாறிட்டானா?" என்று கேட்டாள். அண்ணியும் சிரித்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வரிசையில் எல்லாக் கலரையும் பார்த்த கண் அவளுடையது. கண் பார்த்தது, மனசு அதைக் கண்டுகொள்ளவில்லை. அவ்வளவுதான் நடந்தது, வேறு எந்த மர்மமும் இல்லை.

அன்றைக்குக் களத்துக்குப் போனால் கொடி முழுக்க வெள்ளை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஈரத்துணி தொங்கியது. தூறல் நின்ற இடைவெளியில் பெண்கள் அவசர அவசரமாக விரித்துக்கொண்டிருந்தார்கள். ஊதாக்காரர் நூல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருபது வருஷம் ஊதாத் தொட்டியில் நின்றவர், நகக்கண் இன்னும் வெளுக்கவில்லை, அதனால் வெள்ளை வாரத்தில் அவரைத் துணியைத் தொடவிடாமல் வண்டி தள்ள வைத்திருந்தார்கள். அவர் வழக்கமான நக்கலோடு, "இந்த வாரம் பூரா ஆம்பளைங்க எல்லாம் வெறும் தண்ணியாத்தான் போறாங்க. எனக்கே என்னை அடையாளம் தெரியல" என்றார். பெண்கள் சிரித்தார்கள்.

அண்ணி சிரிக்கவில்லை. கையில் ஒரு வெள்ளைத் துணியின் நுனி இருந்தது. அதைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இந்த வாரம் பட்டறையில் கலரே கிடையாது. அது கிடக்கட்டும், அவன் பட்டறைக்கே வரவில்லையே. வீட்டில் பாயில் படுத்துக் கிடக்கிறவனுக்குக் கலர் எங்கிருந்து வரும்?

அடுத்த நினைப்பு அவளை உலுக்கிவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனின் வாளியையும் அவள்தான் கொட்டினாள். அன்றைக்கும் இதே கறுப்பு. சிவப்புத் தொட்டிக்காரன், சாயம் உடம்பில் ஊறிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவனும் அப்போது வேலைக்குப் போகாமல் படுத்தேதான் கிடந்தான். அவனுக்கும் இதே மாத்திரைதான். வேண்டாம், வாய் கசக்கிறது என்று முகத்தைத் திருப்பினவனைத் தாஜா பண்ணி, தலையைப் பிடித்து, விழுங்க வைத்தது அவள்தான்.

துணி சேற்றில் விழுந்தது. மேஸ்திரி கத்தினது அவள் காதில் ஏறவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது மாமியார் சின்னவனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, கஞ்சி குடித்தபின் கொடுக்கச் சொல்லி நர்ஸ் விட்டுப்போன மாத்திரையை உள்ளங்கையில் வைத்திருந்தாள். சின்னவனின் கண்ணைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள் அண்ணி. வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. காலையில் இருட்டோடு கிளம்புகிறவளுக்கு இத்தனை நாளாக அது தெரியவில்லை. உதட்டில் ரத்தமே இல்லை. அவள் பாய்ந்து மாமியார் கையிலிருந்த மாத்திரையைப் பிடுங்கி முஷ்டிக்குள் மூடிக்கொண்டாள்.

மாமியார் திகைத்துப்போனாள். பாப்பா பள்ளிக்கூடத்தில் இருந்ததால் சுவரைப் பார்த்தாள். "பாரு, பாரு. மூத்தவனுக்கு ஒரு மாத்திரை விடாம ஊட்டினா. இவனுக்கு மட்டும் குடுக்க விடமாட்டேங்குறா. இவனும் போயிடணும்னு நிக்குறா."

"அவருக்கு ஊட்டினதாலதான் அத்தை சொல்றேன்" என்றாள் அண்ணி. "அவருக்கும் இதே மாதிரிதான் போச்சு. கறுப்பா. நான் சாயம்னு நினைச்சேன். இவனுக்கு எங்கேயிருந்து சாயம் வந்துச்சு, சொல்லுங்க. இந்த வாரம் வெள்ளை வாரம்."

சின்னவன் கையை நீட்டினான். அவனுக்கு உயிரைவிட கேட் பெரிதாக இருந்தது. இந்த மாசம்தான் அவனை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"குடுத்துடுங்க அண்ணி" என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "ஒரு நாள் விட்டா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்வாங்க."

"கேட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீ எழுந்திரு தம்பி."

அவனால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணி பட்டறைக்கு ஓடி ஊதாக்காரரை நூல் வண்டியோடு இழுத்துக்கொண்டு வந்தாள். பட்டறை வண்டியை வெளியே எடுத்தால் வேலை போய்விடும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். சின்னவனின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார், வண்டியில் ஈரச் சாக்கை விரித்தார். வாளியிலிருந்ததை அண்ணி ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டாள். மாமியார் முழங்கால் வலியோடு வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே மெயின் ரோடு வரைக்கும் நடந்தாள். வாய் ஓயாமல் எதையோ முணுமுணுத்தாள். அது மருமகளைத் திட்டினதா, மகனுக்காக வேண்டிக்கொண்டதா என்று கூடப்போன ஊதாக்காரருக்குப் பிடிபடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், சின்னவனின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், என்ன மாத்திரை சாப்பிட்டான் என்று கேட்டார். அண்ணி முஷ்டியைத் திறந்தாள். மாத்திரை வேர்வையில் பாதி கரைந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. டாக்டர் அதற்கப்புறம் நிற்கவில்லை. கட்டிலைத் தள்ளச் சொன்னார், ரத்தம் ஏற்ற ஏற்பாடு பண்ணச் சொன்னார், அந்த மாத்திரை இனி இவன் வாய்க்குள் போகவே கூடாது என்றார்.

ரொம்ப நேரம் கழித்து அவர் தாழ்வாரத்துக்கு வந்து பெஞ்சில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மாமியார் இருந்தாள். டாக்டர் களைத்துப்போயிருந்தார், ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். சில பேருடைய ரத்தத்தில் ஒரு சத்து பிறவியிலேயே குறைச்சலாக இருக்கும். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது, மலையைக்கூடப் புரட்டுவான். இந்த மாத்திரை உள்ளே போனால் ரத்தம் உடைய ஆரம்பிக்கும். உடைந்த ரத்தம்தான் அந்தக் கறுப்பு. சாயத்துக்குப் போடுகிற மருந்திலும் சிலது அப்படிச் செய்யும். மாத்திரையில் தப்பில்லை, மற்ற ஆட்களைக் காப்பாற்றுவதும் அதேதான். கொடுப்பதற்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார்.

"ஒரு சொட்டா?" என்றாள் அண்ணி.

"ஒரு சொட்டுதான்."

நர்ஸுக்கு அது தெரியாதா, கம்பெனிக்குத் தெரியாதா, எட்டு வருஷத்துக்கு முன்னால் மாத்திரை கொடுக்க வந்தவனுக்குத் தெரியாதா என்று அண்ணிக்கு நெஞ்சு கொதித்தது. யாரைப் பிடித்துக் கேட்பது? கேட்டால்தான் போனவன் வரப்போகிறானா? புருஷனைப் பற்றி டாக்டரிடம் சொன்னாள். அவனுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒண்ணா எப்படிங்க வரும்?" என்று கேட்டாள்.

டாக்டர் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டார். அவருக்கு இந்த வீட்டுக் கதை தெரியாதல்லவா. "இது அம்மாகிட்டேயிருந்து மகனுக்கு வர்றது. அம்மாவுக்கு ஒண்ணும் பண்ணாது, அவங்களுக்கே தெரியாது. அந்தக் காலத்துல இந்தக் காய்ச்சல் ஊரையே வாரிக்கிட்டுப் போனப்போ, இந்த ரத்தம் இருந்தவங்க தப்பிச்சிருப்பாங்க. அதனாலதான் இது விட்டுப்போகாம வந்துக்கிட்டே இருக்கு."

பெஞ்சின் அந்த முனையில் மாமியார் மடியில் கையைக் கோர்த்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக எத்தனையோ தடவை அண்ணி இந்த நேரத்தை மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். உண்மை ஒரு நாள் வெளியே வரும், அன்றைக்கு இவளை நிற்கவைத்துக் கேட்கிற கேள்வியில் சுருண்டுபோகணும் என்று நினைத்திருக்கிறாள். இப்போது நேரம் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தால் வாயைத் திறக்க வரவில்லை. பாவமாக இருந்தது, ஆத்திரமும் போகவில்லை.

இதற்கு நடுவில் எழுந்துபோன டாக்டரை அண்ணி வாசலில் மறித்து இன்னொன்று கேட்டாள். மூத்தவருக்கு ஒரு பெண் இருக்கிறாள். டாக்டர் நின்று, இது இருக்கிற அப்பாகிட்டேயிருந்து மகளுக்கு வந்தே தீரும், அவளுக்கு நிச்சயம் இருக்கும், ஆனால் அவளைப் பெரிதாகப் பாதிக்காது, நாளைக்கு அவள் பெறும் ஆண்பிள்ளைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவன் பிழைத்துக்கொண்டான். யாரோ கொடுத்த ரத்தம் ஏறிக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் வந்தது. பாட்டிலில் கறுப்பு வெளுத்து, ஒரு நாள் நல்ல தண்ணீர் மாதிரி ஆனது. அதைப் பார்த்து அவனே, "அண்ணி, எனக்கு இப்போதான் வெள்ளை வாரம்" என்றான். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஊதாக்காரர் சேதி கொண்டுவந்தார். வண்டி விஷயத்தில் அவரைத் திட்டியதோடு விட்டுவிட்டார்கள். சின்னவன் விஷயம்தான் முடிந்துபோனது. பட்டறையில் இனி ஆளெடுத்தால் ரத்தம் பார்த்துத்தான் எடுப்பார்களாம், இந்த ரத்தம் உள்ளவனைத் தொட்டிப் பக்கம் சேர்க்க மாட்டார்களாம். "நல்லதுக்குத்தான் சொல்றாங்களாம்" என்று ஊதாக்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார். அலசுகிற தொட்டியை மூடிவிட்டார்களா என்று அண்ணி கேட்டாள். இன்னும் இல்லை என்றார். அண்ணி மட்டும் நாளைக்குக் களத்துக்கு வரலாம், சேற்றில் போட்ட துணிக்குக் கூலியில் பிடித்துக்கொள்வதாக மேஸ்திரி சொன்னாராம்.

அவர் போனதும் அண்ணி கதவைச் சாத்தினாள். சின்னவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பாப்பா பாட்டியின் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். தகரக் கூரையில் தூறல் விழுந்தது. அந்த வீட்டில் பட்டறைக்கு ஆகிற ரத்தம் இனி ஒருத்தியுடையதுதான். வந்த நேரம் சரியில்லாதவள் என்று சொல்லப்பட்டவளுடையது.

அண்ணி கஞ்சியைத் தட்டில் ஊற்றி மாமியார் பக்கம் நகர்த்தினாள். மாமியார் தட்டைத் தொடவில்லை. சுவரைப் பார்க்கவில்லை, தூங்குகிற பாப்பாவையும் எழுப்பவில்லை. நேராக மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ, மூத்தவனை நான்தான் கொன்னேனா?"

எட்டு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை இதுதானா என்று அண்ணி நினைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம், யாரும் தப்பு சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்லலாம், அது வாய்வார்த்தை.

"ரத்தம் உங்களுது அத்தை" என்றாள். "ஊட்டினது என் கை. நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது."

மாமியார் தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் குனிந்து பாப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

"இவளுக்கும் உண்டா?"

"உண்டாம்."

"இவளுக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்தா, நீ முதல்ல டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றாள் மாமியார். "அப்போ நான் இருக்க மாட்டேன். நீதான் இருக்கணும்."

அண்ணி சரி என்றாள். மாமியார் தட்டை எடுத்து ஒரு வாய் குடித்தாள். உப்பு இல்லை. அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.